மகளின் படிப்புக்குச் சேர்த்த பணத்தில் கார்டு கடனை அடைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே வசிக்கிறோம். தனியார் பள்ளியில் எழுத்தர் வேலை, சம்பளம் ரூ.32,000. ஒரு ஏக்கர் தேயிலையும் உண்டு. அம்மாவின் சிகிச்சைச் செலவால் கிரெடிட் கார்டில் ரூ.1,80,000 நிலுவை. மாதம் ரூ.9,000, அதாவது குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். பிளஸ் டூ படிக்கும் மகளை எட்டு மாதம் கழித்துக் கோவையில் பொறியியல் சேர்க்க, வைப்பு நிதியில் ரூ.2,20,000 வைத்திருக்கிறேன். அதைத் தொடலாமா?

பதில்: இந்த வாரமே தொடுங்கள். உங்கள் கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று கொண்டால், ரூ.1,80,000-க்கு வட்டி ரூ.6,300, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.1,134. ஆக, நீங்கள் கட்டும் ரூ.9,000-இல் அசலில் கழிவது வெறும் ரூ.1,566. உங்கள் வைப்பு நிதியோ, 7 சதவீத வட்டி என்று வைத்தாலும், மாதம் ரூ.1,300-ஐத் தாண்டாது. முன்கூட்டியே முடிப்பதற்கு வங்கி வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் பிடிக்கலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். நிலுவையைத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று கார்டு நிறுவனம் அழைத்தாலும், கையில் பணம் இருக்கும் உங்களுக்கு அது தேவையில்லை.

பணம் கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பில்லில் அச்சிட்ட தொகையைக் கட்டியதும் கணக்கு தீர்ந்துவிடாது. பில் தேதியிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரையிலான வட்டி அடுத்த பில்லில் வந்து நிற்கும். அதையும் முழுமையாகக் கட்டிய பிறகே, புதிதாக வாங்கும் பொருள்களுக்கு வட்டியில்லா அவகாசம் திரும்பக் கிடைக்கும். அதுவரை கார்டைத் தேய்க்காதீர்கள்.

மகளின் படிப்பு நின்றுவிடுமோ என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் மருத்துவச் செலவுக்குக் கிடைக்காத ஒரு வசதி படிப்புக்கு உண்டு: கல்விக் கடன். ரூ.4 லட்சம் வரை உங்கள் பங்காகப் பணம் போட வேண்டியதில்லை; ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. கல்லூரிக் கட்டணத்தோடு விடுதி, புத்தகம், மடிக்கணினிச் செலவும் அதில் அடங்கும். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தவணை தொடங்கும். பெண் பிள்ளைகளுக்குப் பல பொதுத்துறை வங்கிகள் வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன. வட்டி ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும், கார்டு மூன்றே மாதத்தில் அவ்வளவு வாங்கிவிடுகிறது. கலந்தாய்வு வழியே இடம் பெற்றால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர்தான் என்றால் கட்டணச் சலுகைக்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் நன்கொடை கேட்கும் கல்லூரி என்றால் என் யோசனை, வேறு கல்லூரி பாருங்கள் என்பதுதான். நன்கொடைக்கு வங்கி கடன் தராது, மறுபடி கார்டுதான் வெளியே வரும்.

கார்டை அடைத்தபின் கையில் சுமார் ரூ.40,000 மிஞ்சும். இதுவரை கார்டுக்குப் போன ரூ.9,000-ஐச் சம்பளம் வந்த அன்றே தொடர் வைப்பில் போட்டால், எட்டு மாதத்தில் ரூ.72,000 சேரும். கடன் கைக்கு வரும்வரை சேர்க்கைச் செலவையும் விடுதி முன்பணத்தையும் சமாளிக்க இந்த ரூ.1,12,000 போதும். இலைப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். உறைபனி விழும் மாதங்களில் கொழுந்து குறையும், விலையும் உங்கள் கையில் இல்லை. அது உரத்துக்கும் கவாத்துக்கும் அம்மாவின் மருந்துக்கும் இருக்கட்டும்.

கார்டை ரத்து செய்யச் சொல்ல மாட்டேன். வரம்பை மட்டும் ரூ.25,000-ஆகக் குறைக்கும்படி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.