பாளையங்கோட்டை மாணவருக்கு: முதல் கிரெடிட் கார்டு

தம்பி, வருமானச் சான்று இல்லையென்று இரண்டு வங்கிகள் உங்கள் விண்ணப்பத்தை மறுத்ததாக எழுதியிருந்தீர்கள். மூன்றாவது வங்கியை உடனே நாட வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும். பல்கலைக்கழக நாள்களில் வண்ணார்பேட்டைக் கிளை ஒன்றில் நான் நிரப்பிய படிவத்தின் ‘மாத வருமானம்’ கட்டத்தை அதிகாரி பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தது இன்னும் நினைவிருக்கிறது.

18 வயது நிறைந்திருந்தால், சேமிப்புக் கணக்குள்ள வங்கியிலேயே ஒரு தொகையை ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட்டு, அதன் பேரில் கார்டு கேளுங்கள். டெபாசிட்டே பிணையாக நிற்பதால் பெரும்பாலும் வருமானச் சான்று கேட்பதில்லை, வட்டியும் வழக்கம்போல் சேரும். அப்பாவின் கார்டில் கூடுதல் அட்டை வாங்குவதும் எளிதுதான், ஆனால் அதன் செலவும் கடன் வரலாறும் பொதுவாக அவர் கணக்கிலேயே சேரும். பில் வந்ததும் ‘குறைந்தபட்சத் தொகை’யோடு நின்றுவிடாமல் முழுவதையும் கட்டுங்கள், மீதிக்கு மாதம் சுமார் 3 விழுக்காடு வட்டி ஓடும். ஏடிஎம்மில் அந்தக் கார்டைச் செருகவே வேண்டாம்.