தாங்கள் ஆதரித்த வேட்பாளர் பிரைமரியிலிருந்து விலகியதும் ஒரே கட்சிக்காரர்கள் ஏன் எதிரிகளைப் போல அடித்துக்கொள்கிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியவில்லை. கேட்டவர் அநேகமாக அமெரிக்காவில் இருப்பவர், வீட்டிலோ நண்பர்கள் குழுவிலோ இப்படி ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டவர் என்று நினைக்கிறேன். "அவர்தான் விலகிட்டாரே, இன்னும் எதுக்கு இவ்வளவு கோபம்?" என்று யாராவது உங்களைக் கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள்.

நான் சொல்லப்போவது 2020 டெமாக்ரடிக் கட்சிப் பிரைமரியைப் பற்றி. நான் எலிசபெத் வாரன் ஆதரவாளர். இருப்பது மாசசூசெட்ஸ், அதாவது அவர் செனட்டராக இருக்கும் சொந்த மாநிலம். குடியுரிமை வாங்கியபின் நான் ஓட்டுப் போட்ட முதல் பிரைமரி அதுதான். அதனால் என்னை நடுநிலையாளர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே சமயம், அவரோடு போட்டியிட்ட இன்னொரு செனட்டரான பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் எல்லாரையும் திட்டுவதற்காகவும் இதை எழுதவில்லை. எல்லாருக்கும் அரசாங்கமே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்ற அவருடைய கொள்கை இன்றைக்கும் என் கொள்கைதான்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாகச் சாதாரண வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள், அதுதான் பிரைமரி. ஓட்டு விகிதப்படி, கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் பிரித்துக் கொடுக்கப்படுவார்கள், 15 சதவீதத்துக்குக் கீழே போனால் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. 2020-ல் 1,991 பிரதிநிதிகளைச் சேர்ப்பவர் வேட்பாளர். இந்த ஓட்டம் மாதக் கணக்கில் நடக்கும். நடுவில் பணம் தீர்ந்தோ நம்பிக்கை தீர்ந்தோ ஒவ்வொருவராக விலகுவார்கள்.

எங்கள் ஊர்த் தமிழ் நண்பர்களின் வாட்ஸாப் குழு ஆரம்பித்ததே கமலா ஹாரிஸுக்காகத்தான். அவர் அம்மா ஷியாமளா கோபாலன் சென்னையிலிருந்து படிக்க வந்தவர் என்பதில் எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு பெருமை. 2019 டிசம்பர் 3-ஆம் தேதி பணம் இல்லை என்று கமலா விலகினார். எல்லாரும் வருத்தப்பட்டோம், ஆனால் சண்டை வரவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அப்போது இன்னும் ஒரு மாநிலத்தில்கூட ஓட்டுப் பதிவு நடக்கவில்லை, அவர் கையில் யாரும் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு ஓட்டும் இல்லை. பாதிப் பேர் பைடன் பக்கம் போனார்கள், சிலர் பெர்னி, நானும் இன்னும் ரெண்டு மூணு பெண்களும் வாரன்.

நான் வாரனுக்காகப் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ஷயரில் நாஷுவா வரைக்கும் போய் வீடு வீடாகக் கதவு தட்டினேன். ஜனவரிக் குளிர். கையுறையைக் கழற்றினால்தான் போனில் இருக்கும் ஆப்பில் அடுத்த வீட்டு விலாசம் பார்க்க முடியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆதரவு எவ்வளவு என்று 1-லிருந்து 5 வரைக்கும் குறிக்க வேண்டும். ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து, பனியில் நிற்க வேண்டாம் என்று என்னை உள்ளே கூப்பிட்டார். வாரனுடைய குழந்தைப் பராமரிப்புத் திட்டம் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "எனக்கு அவங்களைத்தான் பிடிக்கும். ஆனா இந்தத் தெருவில இருக்கிற ஆம்பளைங்க ஒரு பொம்பளைக்குப் போட மாட்டாங்க, அதனால நானும் வேற யாருக்காவதுதான் போடணும்" என்றார். இந்தப் பதிலை எந்த எண்ணில் குறிப்பது? அதே பதிலை அந்தத் தெருவிலேயே திரும்பவும் கேட்டேன், வேறு வாயிலிருந்து. பிப்ரவரி 11-ஆம் தேதி நியூ ஹாம்ஷயர் முடிவு வந்தபோது வாரன் நான்காவது இடம், 9 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அந்த ஜனவரியில்தான் அயோவா மாநிலத்தில் வேட்பாளர்களின் டிவி விவாதமும் நடந்தது. ஒரு பெண்ணால் ஜெயிக்க முடியாது என்று 2018 டிசம்பரில் சாண்டர்ஸ் தன்னிடம் சொன்னதாக வாரன் சொன்னார், சாண்டர்ஸ் மறுத்தார். விவாதம் முடிந்தபின் மைக்கில் பிடிபட்ட அவர்கள் பேச்சை நாடே கேட்டது. அன்றிலிருந்து வாரன் பெயர் வந்த இடமெல்லாம் சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் சிலர், துரோகி என்று சொல்வதற்காகப் பாம்புப் படம் போட ஆரம்பித்தார்கள். எங்கள் குழுவிலும் ஒருவர் போட்டார். சாண்டர்ஸே இந்த மாதிரி வசவுகளை வேண்டாம் என்று சொன்னவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பிப்ரவரி 29, சவுத் கரோலைனாவில் பைடன் கிட்டத்தட்ட பாதி ஓட்டுகளை அள்ளினார். போட்டியில் இருந்த மற்ற வேட்பாளர்களில் பீட் பூட்டிஜெஜ் மறுநாள் விலகினார், அதற்கும் மறுநாள் ஏமி க்ளோபுஷார். ரெண்டு பேரும் டல்லஸில் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார்கள். விடிந்தால் மார்ச் 3, பதினான்கு மாநிலங்களில் ஓட்டுப் பதிவு. எங்கள் குழுவில் ஒரு அண்ணன் முந்தின வாரமே டவுன் ஹாலுக்குப் போய் க்ளோபுஷாருக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் ஓட்டு என்ன ஆகும் என்று கேட்டார், யாரும் அவருக்குப் பதில்கூடச் சொல்லவில்லை. ஓட்டுச்சீட்டில் அந்த ரெண்டு பெயரும் அச்சடித்தபடியே இருந்தன, நானே பார்த்தேன்.

அன்று இரவு வாரன் சொந்த மாநிலத்திலேயே மூன்றாவது இடம். மார்ச் 5-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் தன் வீட்டு வாசலில் நின்று விலகுவதாக அறிவித்தார். போகிற ஊரிலெல்லாம் சின்னப் பெண் பிள்ளைகளின் சுண்டுவிரலோடு விரல் கோத்து, "நான் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறேன், ஏன்னா பெண்கள் செய்வது இதைத்தான்" என்று சொல்வார் அவர். அந்தப் பிள்ளைகள் இன்னும் நாலு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னார். என் மகளும் அந்த வரிசையில் நின்று விரல் கோத்தவள். ஆபீஸில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு முடிவதற்குள் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது: "இதை ரெண்டு நாள் முன்னாடி செஞ்சிருக்கலாம்ல? மெய்ன், மாசசூசெட்ஸ், மின்னசோட்டா எல்லாம் பெர்னி கையில இருந்திருக்கும்." அதன் கீழே இன்னொருவர் பாம்பு.

செய்தி போட்டது எனக்குத் தம்பி மாதிரி இருந்த பையன். எட்டாவது படிக்கும்போது இந்த நாட்டுக்கு வந்தவன், எங்கள் வீட்டில் வளைய வளைய வந்து சாப்பிட்டவன். அந்த நேரத்தில் அவனிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது "சாரிக்கா" என்ற ஒரு வார்த்தை. வந்தது கணக்கு.

சரி, அந்தக் கணக்கையே பார்த்துவிடலாம், ஏனென்றால் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் பைடனுக்கு 33.4, சாண்டர்ஸுக்கு 26.6, வாரனுக்கு 21.4 சதவீதம். வாரன் ஓட்டு முழுவதும் சாண்டர்ஸுக்குப் போயிருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார், உண்மை. ஆனால் அப்படிப் போகாதே. மூன்றில் ரெண்டு பங்காவது அவருக்குப் போய், மிச்சம் பைடனுக்குப் போனால்தான் அவர் முந்த முடியும். மின்னசோட்டாவில் நாலில் மூன்று பங்குக்கு மேல் வேண்டும். வாரன் ஆதரவாளர்களின் இரண்டாவது தேர்வு ஒரே பக்கம் இருந்ததே இல்லை. என் வீட்டுக்கு வந்து வாரனுக்காக வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதிய பெண்களில் பலர் பைடனுக்கும் க்ளோபுஷாருக்கும் இடையில் ஊசலாடியவர்கள். மெய்ன் மட்டும் வேறு. அங்கே பைடன் முந்தியது ஏறக்குறைய ஒரு சதவீதம், வாரனுக்கு 15 சதவீதம் சொச்சம். அங்கே சாண்டர்ஸ் ஜெயித்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெய்னில் மொத்தமே 24 பிரதிநிதிகள், அதையும் விகிதப்படிதான் பிரிப்பார்கள்.

இன்னொன்று. அதே செவ்வாய்க்கிழமை, நியூயார்க்கின் முன்னாள் மேயரும் பெரும் பணக்காரருமான மைக்கேல் ப்ளூம்பெர்க்கும் களத்தில் இருந்தார். சொந்தப் பணத்தில் 50 கோடி டாலருக்கு மேல் கொட்டி, பைடனுக்குப் போக வேண்டிய ஓட்டைத்தான் தின்றுகொண்டிருந்தார். டெக்சஸில் அவர் வாங்கியது வாரனைவிட அதிகம். வாரன் முன்கூட்டியே விலகியிருக்க வேண்டும் என்றால் ப்ளூம்பெர்க்கும் விலகியிருக்க வேண்டும் அல்லவா? அப்போது பைடன் இன்னும் மேலே போயிருப்பார். இதை நான் குழுவில் எழுதியபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ராத்திரி அந்தத் தம்பியே போன் பண்ணினான். "அக்கா, என் படிப்புக் கடன் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும். பெர்னி வந்தா மொத்தமும் தள்ளுபடி. வாரன் சொல்றது 50,000 டாலர் வரைக்கும்தான், அதுக்கும் வருமான வரம்பு. நீங்க வீடு வாங்கிட்டீங்க, உங்களால காத்திருக்க முடியும்" என்றான். அது எனக்கு உறைத்தது. அவன் கோபத்தில் பொய் இல்லை. 2016-ல் அவன் காலேஜில் இருந்தபடியே சாண்டர்ஸுக்கு வேலை செய்தவன். அப்போது மாசசூசெட்ஸை ஹிலரியிடம் ஒன்றரை சதவீதத்துக்குள் கோட்டைவிட்டார்கள். வாரன் அந்தப் பிரைமரி முழுக்க வாய் திறக்காமல் இருந்து, ஜூன் மாதம் ஹிலரிக்கு ஆதரவு சொன்னார். அந்த வடு நாலு வருஷமாக ஆறவே இல்லை. "அப்பவும் அவங்க கூட நிக்கல, இப்பவும் நிக்கல" என்றான்.

நான் சொன்னது இதுதான்: "என் ஓட்டு வாரனோடது இல்ல, அவங்க எடுத்து யார்கிட்டயும் குடுக்கறதுக்கு. பெர்னியோடதும் இல்ல. எங்கிட்ட வந்து கேளு, யோசிக்கிறேன். அதை விட்டுட்டு உங்க பொருளை நான் திருடி வச்சிருந்த மாதிரிப் பேசாதே." ரெண்டு பேருமே சத்தமாகப் பேசினோம். அதன்பின் வாரக்கணக்கில் பேச்சு இல்லை.

கேள்விக்கான என் பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது. கொள்கையில் தூரமாக இருப்பவர் விலகாமல் நின்றால் யாருக்கும் வலிக்காது. ப்ளூம்பெர்க்கை யாரும் துரோகி என்று திட்டவில்லை. பக்கத்தில் இருப்பவர் நின்றால்தான் வலி, ஏனென்றால் அவருடைய ஓட்டு நமக்குச் சேர வேண்டியது என்று மனசு முதலிலேயே எழுதி வைத்துக்கொள்கிறது. ஊரில் பங்காளிச் சண்டைகள் வரப்புக்காகத்தான் வரும், நாலு தெரு தள்ளி இருப்பவரோடு யாருக்கும் வரப்பு இல்லை. இந்தப் பக்கம் தோற்றவர் மனசில் துக்கம், அந்தப் பக்கம் ஜெயிக்கத் தவிப்பவர் மனசில் அவசரம், அடுத்த வாரமே அடுத்த மாநிலம். துக்கம் விசாரிக்கக்கூட நேரம் இல்லாத ஒரு தேர்தல் அட்டவணை. பிறகு சண்டை வராமல் எப்படி இருக்கும்?

கேள்விக்கு நேரடியாகத் தொடர்பில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். அந்த வருஷமே ஒரு தமிழ் அமைப்பில் நிர்வாகக் குழுத் தேர்வு நடந்தது. பெயர் வேண்டாம். தலைவர் பொறுப்புக்கு ஒரு தோழியின் பெயரைச் சொன்னோம். பொங்கல் விழாவுக்கு முன்னூறு பேருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது, பள்ளி ஹாலுக்குப் பணம் கட்டுவது, தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் பிடிப்பது எல்லாம் வருஷக்கணக்காக அவள்தான். "லேடீஸுக்கு வேண்டாங்க, ராத்திரி மீட்டிங்லாம் இருக்கும், சிரமம்" என்றார் ஒரு பெரியவர், ரொம்பக் கனிவாக. "எனக்கு ஆட்சேபணை இல்ல, மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார் இன்னொருவர். அவளையே விலகிக்கொள்ளச் சொன்னார்கள், விலகினாள். அந்த வருஷம் பொங்கலை மைக்கில் தொகுத்தவர்கள் எல்லாரும் ஆண்கள், பின்னால் சாம்பார் வாளி தூக்கியவர்கள் எல்லாரும் பெண்கள். நாஷுவாவில் கேட்ட அதே பதிலைத் தமிழில் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. வாரன் விலகியபோது என்னைப் போன்றவர்கள் ஏன் அப்படி உடைந்துபோனோம் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வாரன் தோற்றதற்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவக் காப்பீட்டு விஷயத்தில் 2019 நவம்பரில் அவர் நிலைப்பாட்டை மாற்றியது இரண்டு பக்கமும் அடி வாங்க வைத்தது, தெரியும்.

ஏப்ரல் 8-ஆம் தேதி சாண்டர்ஸும் விலகினார். எங்கள் குழுவில் பைடன் ஆதரவாளர் ஒருவர் உடனே "இனிமேலாவது எல்லாரும் ஒழுங்கா வந்து சேருங்க" என்று எழுதினார். தம்பி எதுவும் எழுதவில்லை. நான் அவனைக் கூப்பிட்டேன். பைடன் பேச்சையே எடுக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டேன், கொரோனா நேரம், தனியாக இருந்தான். அப்புறம் செப்டம்பரில் அவனாகவே பென்சில்வேனியா வாக்காளர்களுக்குப் போஸ்ட்கார்டு எழுத வந்தான். மெய்ன் பற்றி மட்டும் இன்றுவரை எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

உங்கள் குழுவிலும் இப்படி நடந்திருந்தால், விலகியவரின் ஆளை ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். ஓட்டு வேண்டுமென்றால் அப்புறம் போய்க் கேளுங்கள், உங்கள் ஆளிடம் பிடிக்காதது என்ன என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

கீழே கருத்தில் "வாரன் முதுகில் குத்தினார்" என்று எழுத யாராவது வருவீர்கள் என்று தெரியும். பூட்டிஜெஜும் க்ளோபுஷாரும் விலகிய சூட்டோடு பைடன் பக்கம் போனார்கள், ப்ளூம்பெர்க் விலகிய அன்றே போனார். வாரன் மார்ச் 5-ல் விலகி, ஏப்ரல் 15-ஆம் தேதிதான் பைடனுக்கு ஆதரவு சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்பே சாண்டர்ஸ் விலகிவிட்டார், ரெண்டு நாள் முன்பு அவரே பைடனுக்கு ஆதரவும் சொல்லிவிட்டார். குத்த நினைத்தவர் மார்ச் 10 மிச்சிகன் ஓட்டுப் பதிவுக்கு முன்பே குத்தியிருப்பார்.