நுரையீரல் கட்டிக்குக் கதிர்வீச்சை வேகமாகக் கொடுத்தால் அப்பா தாங்குவாரா?

குளச்சலில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குக் கதிர்வீச்சை வேகமாகக் கொடுக்கப் போகிறார்களாம், உடம்பு தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். வேகத்துக்காக மொத்த அளவைக் கூட்டுவதில்லை. கதிர் பாயும் நேரம்தான் குறைகிறது.

வழக்கமாகக் கதிரைச் சீராகப் பரப்ப, அதன் பாதையில் கூம்பு வடிவ உலோக வடிகட்டி ஒன்று இருக்கும். நடுக்கதிரில் நிறைய அதிலேயே தங்கிவிடும். சிறிய கட்டிக்கு அந்தப் பரப்பல் அவசியமில்லை. வடிகட்டியை விலக்கினால், கருவி நிமிடத்துக்குக் கொடுக்கும் கதிரின் அளவு 600 அலகிலிருந்து 1400 ஆகும், சில கருவிகளில் கூடுதல் ஆற்றல் கதிருக்கு 2400 வரை போகும்.

நுரையீரலில் இது பெரிய உதவி. மூச்சோடு கட்டியும் அசையுமே! முக்குளிப்பவரைப் போல மூச்சைப் பிடிக்கும் சில நொடிகளுக்குள் நிறையக் கொடுத்துவிடலாம். இருமல் உள்ளவருக்குச் சிகிச்சையின்போது கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுப்பதே பெரும் பாடு; அப்படிப் படுக்கும் நேரமும் குறையும். அப்புறம், மூச்சுப் பிடிக்கும் பயிற்சி தேவையா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள்.