'களைப்பே இல்லை' என்ற வரி

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் இருக்கிறேன். துரைப்பாக்கத்தில் இரவுப் பணி. மனம் ஒருசமயம் அளவுமீறிப் பொங்கி, ஒருசமயம் சோர்ந்துபோகும் இருமுனைக் கோளாறுக்கு நான்கு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். வேலைக்கு நடுவே ஆறு காபியாவது ஆகிவிடும். தூக்கம் பிடிக்காத சில நாட்களில் இரண்டு பெக் பிராந்தி. இந்த வாரம் முழுக்க நாளுக்கு மூன்று மணி நேரம்தான் தூங்கினேன். ஆனால் களைப்பே இல்லை. காபி, குடி இரண்டையும் இன்றே நிறுத்திவிடட்டுமா?

ர.

அன்புள்ள ர.,

என்னைப் பதற வைத்தது காபியும் அல்ல, பிராந்தியும் அல்ல. 'களைப்பே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மூன்று மணி நேரம் தூங்கியவருக்குக் கண் சொக்க வேண்டும். தூக்கமே வேண்டாம் என்பதுபோல் உற்சாகம் பொங்கினால் அது மனஎழுச்சியின் தொடக்கமாக இருக்கலாம். அந்த எழுச்சியைத் தூண்டிவிடுவதும் தூக்கக் குறைவுதான். என் தம்பிக்கும் இதே நோய். அவன் விடிய விடிய விழித்து வேலை செய்தபோது, பையன் தேறிவிட்டான் என்று வீடே மகிழ்ந்தது. பத்தாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தோம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள்தான் நம் கண்ணை அழுத்துகிறது. காபியில் உள்ள காஃபீன் அதன் வேலையை மறித்துவிடுகிறது. அசதி தீர்வதில்லை, தெரியாமல் போகிறது. குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்கவே பலருக்கு 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணிக்குக் குடித்த காபி, காலை 9 மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் பாதி உள்ளே இருக்கிறது. பிராந்தி படுத்தவுடன் தூங்க வைத்து, பின்பாதித் தூக்கத்தைக் குலைக்கும். உடலின் நீரையும் வற்றச் செய்யும். நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். பிராந்தியை விடுங்கள்.

காபியை மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள். காஃபீன் லித்தியத்தைச் சிறுநீர் வழியாகக் கூடுதலாக வெளியேற்றுகிறது. ஆறு காபிக்குப் பழகிய உடம்பில் திடீரென்று அது நின்றால், அதே மாத்திரை அளவிலேயே லித்தியம் ஏறிவிடக்கூடும். மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்த்தபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். லித்தியம் அளவு மீறியதற்கு அடையாளமாகக் கை நடுக்கம் கூடினாலோ, வாந்தி, தள்ளாட்டம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரவுப் பணியை மாற்றச் சான்றிதழ் தர முடியுமா என்றும் கேளுங்கள்.

அடுத்த மாத முறை வரட்டும் என்று இருக்காதீர்கள், இன்றே மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். போகும்போது வீட்டில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்டபோது என் தம்பி, "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றான். அவன் தூங்கவில்லை என்று சொன்னது அம்மாதான்.