அம்மா வீட்டிலிருந்தபடி பாதுகாப்புக் கட்டளை கேட்கலாமா?

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிப்பதால், சாவகச்சேரியிலுள்ள அவரது வீட்டை விட்டுப் பிள்ளைகளுடன் நல்லூரில் அம்மாவிடம் வந்துவிட்டேன். இங்கும் வந்து படலையில் நின்று வெட்டுவேன், கொளுத்துவேன் என்கிறார். பொலிஸில் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். விவாகரத்து வழக்குப் போட்டால்தான் பாதுகாப்புக் கிடைக்கும் என்று ஒருவர் பணம் கேட்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த மனிதருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. உங்களுக்கு இப்போது வேண்டியது நீதவான் நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. கணவனைப் பிரிய வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம் என்பதால், சாவகச்சேரிக்கு அலைய வேண்டாம், யாழ்ப்பாணமே போதும்.

நீதிமன்ற வாசலில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறவர்களிடம் மிகக் கவனமாக இருங்கள். நீங்கள் சொல்லாததெல்லாம், உண்மையென்று சத்தியம் செய்து நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் உங்கள் சத்தியக்கடதாசியில் ஏறிவிடும். விசாரணையில் அதற்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் வழிகாட்டுவார்.

இன்னொரு பொறி பொலிஸ் நிலையத்திலேயே இருக்கிறது. 'இனி ஒற்றுமையாக வாழ்வோம்' என்று ஒரு பக்கம் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். மனமில்லாமல் அதில் கையெழுத்திடாதீர்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு பின்னர் தூக்கிக் காட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான். முறைப்பாட்டைப் பதியச் சொல்லி, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் அதிகாரியே மனுச் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் வந்து இருபது ஆண்டுகளாகியும் அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே வாங்கில் இருத்திப் புத்தி சொல்லி அனுப்புகிறார்கள். எத்தனை உயிர் போன பிறகு இந்தப் பழக்கம் மாறும்?

காயமிருந்தால் இன்றே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிடாதீர்கள். வைத்தியர் எழுதுவது நீங்கள் சொல்வதைத்தான். கன்றிய இடம் சில நாளில் மறைந்துவிடும், எழுதியது நிற்கும்.

ஆபத்து உடனடியானது என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை தருவார். மனுச் செய்து 14 நாட்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும். முழுக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதம். அம்மா வீட்டுக்கோ, வேலைத்தளத்துக்கோ, பிள்ளைகளின் பாடசாலைக்கோ அவர் வராமல் தடுக்கலாம்.

ஒன்றை மட்டும் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள்: இந்தக் கட்டளை வீடு யாருடையது என்று தீர்மானிப்பதில்லை. சீதன வீடானாலும் அவர் கட்டிய வீடானாலும், உரித்துப் பிரச்சினை யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துக்குரிய தேசவழமைச் சட்டப்படி வேறு வழக்கில் பேசப்பட வேண்டியது. 'கட்டளை எடுத்தால் வீடு உனக்கு' என்று சொல்பவரையும் நம்பாதீர்கள், 'வீடு அவருடையது, உனக்குக் கட்டளை கிடையாது' என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். உங்களுக்கு இப்போது தேவை உயிர்ப் பாதுகாப்பு. காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு போய் மனுவைக் குழப்பாதீர்கள்.

கட்டளை கிடைத்ததும் ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்திருங்கள். அதை மீறி அவர் படலைக்கு வந்தாலே குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் வாசலுக்குப் போய் வாக்குவாதப்படாமல், கதவைப் பூட்டிக்கொண்டு 119ஐ அழையுங்கள்.