பாங்காக்குக்கு மூட்டை கட்டுமுன்

கேள்வி: என் மகனுக்கு பாங்காக்கில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சுற்றுலா ஊர் என்பதால் டி-ஷர்ட், அரை டிராயரோடுகூட ஆபீசுக்குப் போகலாமாம். சாப்பாடுதான் கவலை. நாங்கள் சைவம். அங்கே பூச்சி, புழுவெல்லாம் தின்பார்களாமே? ஆறு மாதத்துக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுக்கட்டுமா? (ஒரு வாசகி, கரூர்)

பதில்: அரை டிராயர் யோசனையைச் சொன்னவர் பட்டாயா கடற்கரையைப் பார்த்தவராக இருக்கலாம், பாங்காக்கில் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்தவர் இல்லை. காலை நேரத்தில் சாலா டேங், அசோக் ரயில் நிலையங்களில் இறங்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை, மூடிய ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. கல்லூரி மாணவர்கள்கூட வெள்ளைச் சட்டையும் கருப்புப் பேன்ட்டோ பாவாடையோ போட்டு யூனிஃபார்மில் போகிற நாடு அது. உடை என்பது எதிரில் இருப்பவருக்குத் தரும் மரியாதை என்று நினைக்கிறவர்கள். உங்கள் மகன் பெட்டியில் முழுக்கால் பேன்ட்டுகளை வையுங்கள்.

நிறத்துக்கும் அங்கே கணக்கு உண்டு. கிழமைக்கு ஒரு நிறம், திங்களுக்கு மஞ்சள். மறைந்த மன்னர் பூமிபோலும் இப்போதைய மன்னர் வஜிராலங்கோனும் திங்கட்கிழமை பிறந்தவர்கள். அதனால் மன்னர் பிறந்த நாளை ஒட்டி ஆபீசுகளில் மஞ்சள் சட்டைகளாகத் தெரியும். 2016 அக்டோபரில் பூமிபோல் மறைந்தபோது கருப்புத் துணிக்குத் தட்டுப்பாடே வந்தது. வாங்க முடியாதவர்கள் இருக்கிற சட்டைகளைக் கொண்டுபோய் அண்டாவில் கருப்புச் சாயம் முக்கி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். எந்த நாளில் எதைப் போடலாம் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். அப்புறம், காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையத்திலோ பூங்காவிலோ தேசிய கீதம் ஒலித்தால் எல்லோரும் நிற்பார்கள். இவரும் நிற்கட்டும். ஆபீசில் குரலை உயர்த்திப் பேசும் பழக்கம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

சரி, சாப்பாடு. அந்த நகரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய அறைகள் பலவற்றில் அடுப்படியே கிடையாது. வேலை முடிந்து வருகிறவர்கள் தெருமுனைக் கடையில், நம் ஊர் பார்சல் சாம்பார் மாதிரி ரப்பர் பேண்ட் சுற்றிய பையில் குழம்பு வாங்கிக்கொண்டு போவார்கள். சம்பளக்காரர்களின் சமையலறையே தெருக்கடைகள்தான். 2014க்குப் பிறகு நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று மாநகராட்சி அந்தக் கடைகளைப் பல இடங்களில் காலி செய்தது. குறைந்த செலவில் ஊருக்கே சோறு போட்டவர்களை இடைஞ்சலாகப் பார்த்தது பெரிய அநியாயம்.

அந்தக் கடைகளில் இருக்கும் கைத்திறனைப் பாருங்கள். சோம் தம் என்கிற பப்பாளிக்காய் சாலட் போடும் அம்மா பச்சைப் பப்பாளியை ஒரு கையில் பிடித்து, கத்தியால் நெடுக்காகக் கொத்திக்கொத்திச் சீவுவார். நூல் நூலாக விழும். ஆழமான உரலில் முதலில் பூண்டும் மிளகாயும். எத்தனை மிளகாய் என்று உங்களைக் கேட்டுத்தான் போடுவார். பிறகு பனைவெல்லம், காராமணிக்காய், தக்காளி, வேர்க்கடலை, எலுமிச்சை, மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் மீன் சாறு, உலர்ந்த இறால். உலக்கையால் இடித்தபடியே மறு கைக் கரண்டியால் புரட்டி, ஒரு துளி ருசி பார்த்துத் தட்டில் கொட்டுவார். புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் நான்கும் ஒரே வாயில் தெரியும். இது வடகிழக்கே ஈசான் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நகரத்துக்குக் கொண்டுவந்த ருசி.

பூச்சியும் பெரும்பாலும் அந்த வடகிழக்கு, வடக்குப் பக்கத்துப் பழக்கம்தான். வறுத்த வெட்டுக்கிளி, மூங்கில் புழு எல்லாம் கொறிக்கிற பண்டம். வேளைச் சாப்பாடு அல்ல. யாரும் உங்கள் மகன் வாயில் திணிக்கப் போவதில்லை. மழைக்குப் பிறகு ஈசல் பிடித்து வறுத்துத் தின்ற ஊர்க்காரர்கள் நாம். அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமை நமக்கு இல்லை.

சைவத்துக்கு உண்மையான சிக்கல் மீன் சாறும் இறால் விழுதும்தான். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் பழக்கத்தில் ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட ‘ஜே’ கடையை, அதாவது சுத்த சைவக் கடையைத் தேடச் சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம்கூட அங்கே கிடையாது. வருடத்தில் ஒன்பது நாள், செப்டம்பர் அக்டோபர் வாக்கில், சைவ உணவுத் திருவிழா நடக்கும்போது நகரத்தில் எங்கு பார்த்தாலும் அந்தக் கொடிதான். பருப்புக்கும் மசாலாவுக்கும் பாஹுரத் இந்தியக் கடைத்தெரு இருக்கிறது. சிலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. அங்கே கும்பிட வருகிறவர்களில் தாய்லாந்துக்காரர்கள் ஏராளம்.

ஆக, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் போதும். “மாய் சாய் நாம் ப்லா”, அதாவது மீன் சாறு வேண்டாம் என்பதை விமானம் ஏறுமுன் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். அந்த அம்மா உரலில் பூண்டைப் போடும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். உலர்ந்த இறாலும் வேண்டாம் என்று கையால் காட்டினால் போதும், புரிந்துகொள்வார்.