பூட்டு தெரிந்தால் போதுமா? சாட் சர்வர் சந்தேகங்கள்

சொந்தமாக சாட் சர்வர் வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் முக்கால்வாசி இரண்டே ரகம்: "லாகின் ஆகவில்லை", "சான்றிதழ் தப்பு என்கிறது". இந்த முறை சிலவற்றை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். எல்லாமே எக்ஸ்எம்பிபி என்ற திறந்த சாட் நெறிமுறையில் ஓடும் சர்வர்கள். சான்றிதழ் என்பது, "இந்த டொமைனின் சர்வர் நான்தான்" என்று சர்வர் ஆப்பிடம் காட்டும் அடையாள அட்டை. சர்வர் மென்பொருளாக சிலரிடம் ப்ரோசடி, சிலரிடம் இஜாபர்டி.

சார், மாதாந்திர மின்தடை முடிந்து கரண்ட் வந்ததிலிருந்து ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் மட்டும் "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று வருகிறது. போன்களிலும் மற்ற மெஷின்களிலும் பிரச்சினை இல்லை. புது சான்றிதழ் வாங்கணுமா? (கப்பலூர்)

சான்றிதழைத் தொடவே தொடாதீர்கள். அந்த மெஷினின் தேதியைப் பாருங்கள், ஏதோ பழைய வருடம் காட்டும். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்திருக்கும். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அது தெரியாது. பகல் முழுக்க கரண்ட் இல்லாமல் கிடந்ததும் வெளியே வந்துவிட்டது. சான்றிதழில் இருக்கும் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் தன் கடிகாரத்தோடு ஒப்பிடுவது சர்வர் இல்லை, எதிரே இருக்கும் கம்ப்யூட்டர்தான். பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்துங்கள். வேலை முடிந்தது.

சுங்குடி சேலை மொத்த வியாபாரம். வெப்சைட் ஒரு ஹோஸ்டிங்கில், சாட் சர்வர் தனி மெஷினில் இருக்கிறது. அந்த மெஷினின் சப்டொமைன் பெயருக்கு சான்றிதழ் எடுத்தேன். ஆனாலும் எல்லோருக்கும் "பெயர் பொருந்தவில்லை" என்கிறதே? (தெற்கு மாசி வீதி)

இதில் தடுக்கி விழாத ஆளே கிடையாது. சாட் முகவரியில் '@' குறிக்குப் பின்னால் என்ன பெயர் இருக்கிறதோ, சான்றிதழ் அதற்குத்தான் வேண்டும். மெஷினுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் கணக்கில்லை.

நீங்கள் ஒருவரைத் தேடி மாசி வீதிக்குப் போகிறீர்கள். பெட்டிக்கடைக்காரர், "அவர் கோரிப்பாளையத்துக்கு மாறிவிட்டாரே" என்று வழி சொல்கிறார். அங்கே போய்க் கதவைத் தட்டியதும் எதைச் சரிபார்ப்பீர்கள்? நீங்கள் தேடி வந்த அதே ஆளா என்று பார்ப்பீர்கள். வீட்டு எண் சரியாக இருந்துவிட்டால் ஆளும் சரி ஆகிவிடாது. இங்கே பெட்டிக்கடைக்காரர், டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் முகவரிப் புத்தகம்) இருக்கும் எஸ்ஆர்வி பதிவு; இந்த டொமைனின் சாட் எந்த மெஷினில் இருக்கிறது என்று சொல்வது அதுதான். அவர் பொய் சொல்லலாம், அவர் பெயரில் வேறொருவர் பேசலாம். அதனால்தான் ஆப் அவர் சொன்ன மெஷின் பெயரை நம்பாமல் நீங்கள் தட்டச்சு செய்த டொமைனையே சான்றிதழில் தேடுகிறது.

மெயின் டொமைனின் வெப்சைட் வேறு இடத்தில் இருப்பதால், டொமைன் உங்களுடையதா என்று பார்க்கும் வழக்கமான வெப் வழிச் சோதனையில், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் உங்கள் மெஷினுக்குத் தராது. டிஎன்எஸ் வழியில் போங்கள்: அவர்கள் கொடுக்கும் எழுத்துக் கோவையை உங்கள் டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி (எழுத்து) பதிவாகப் போட்டால் போதும். குரூப் சாட்டுக்குத் தனி சப்டொமைன் வைத்திருந்தால் அந்தப் பெயரையும் இதே சான்றிதழில் சேர்த்துவிடுங்கள்.

சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, ஃபைலில் புதுத் தேதி இருக்கிறது. ஆப் மட்டும் காலாவதி என்கிறது. (திருமங்கலம்)

சர்வர் பழைய சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. ரீலோட் செய்யுங்கள். ப்ரோசடி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் சர்ட்பாட் நிரல், ரகசியச் சாவியை வைக்கும் ஃபோல்டரை ரூட் (நிர்வாகிப் பயனர்) மட்டும்தான் திறக்க முடியும், ப்ரோசடியோ தன் சொந்தப் பயனராக ஓடுகிறது. ப்ரோசடியில் சான்றிதழை இம்போர்ட் செய்ய ஒரு கட்டளை உண்டு. அதைப் புதுப்பித்தலுக்குப் பின் தானாக ஓடும் ஹுக்கில் போட்டுவிட்டால் நகலெடுப்பது, ரீலோட் செய்வது இரண்டும் நடந்துவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு சித்திரைத் திருவிழா அன்று. ஆற்றங்கரைக் கூட்டத்தில், தோளில் பையனை வைத்துக்கொண்டு நிற்கும்போது போன் மேல் போன். ஹுக் போட மறந்தது நான்தான். முன்பெல்லாம் லெட்ஸ் என்க்ரிப்ட் காலாவதி எச்சரிக்கை மெயில் அனுப்பும். 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது, 2029 மார்ச் முதல் அதிகபட்சமே 47 நாள். கையால் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

அண்ணே, ஹாஸ்டலில் நாங்களே கையெழுத்திட்ட சான்றிதழ்தான் வைத்திருக்கிறோம். எல்லோரையும் "ஏற்றுக்கொள்" அழுத்தச் சொல்லிவிட்டோம். என்க்ரிப்ஷன்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன? (திருப்பரங்குன்றம்)

என்க்ரிப்ஷன் இருக்கிறது, சரி. யாரோடு, தம்பி? நடுவில் ஒருவன் உட்கார்ந்து அவனுடைய சான்றிதழை நீட்டினாலும் உங்கள் நண்பர்கள் பழக்கதோஷத்தில் "ஏற்றுக்கொள்" அழுத்துவார்கள். நீங்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். இலவசமாக நல்ல சான்றிதழ் கிடைக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

அதற்காக, நல்ல சான்றிதழ் இருந்தாலே பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில், பல காலமாக ஓடும் ரஷ்ய சேவையான ஜாபர்.ஆர்யூவில் ஒருவருக்கு "சான்றிதழ் காலாவதி" என்று வந்தது. நிர்வாகி சர்வரில் பார்த்தால் சான்றிதழ்கள் எல்லாம் நடப்பில் இருக்கின்றன. தோண்டிப் பார்த்தபோது, ஜெர்மனியில் இருந்த அந்த சர்வர்களுக்கு முன்னால் யாரோ நின்றுகொண்டு சாட் ஆப்கள் நுழையும் 5222 போர்ட்டில் வரும் இணைப்புகளை மறித்திருப்பது தெரிந்தது. அதே டொமைன் பெயரில் லெட்ஸ் என்க்ரிப்ட்டிலிருந்தே தனியாக சான்றிதழும் வாங்கி வைத்திருந்தார்கள். ஒட்டுக்கேட்டது மாதக்கணக்கில் நடந்திருக்கலாம். ஒட்டுக்கேட்டவர் தன் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்ததால்தான் மாட்டியது! (எனக்கு ஆற்றங்கரை ஞாபகம் வந்தது.)

இதற்குத் தடுப்பு உண்டு. உங்கள் டொமைனுக்கு யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் சிஏஏ பதிவை டிஎன்எஸ்ஸில் போட்டு, உங்கள் லெட்ஸ் என்க்ரிப்ட் கணக்கின் முகவரியையும் அதில் குறித்தால், வேறு கணக்கிலிருந்து யாரும் உங்கள் பெயரில் எடுக்க முடியாது. வெளியாகும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. உங்கள் டொமைனை அங்கே அவ்வப்போது தேடிப் பாருங்கள். ஸ்க்ராம் ப்ளஸ் என்ற லாகின் முறையை சர்வரும் ஆப்பும் ஆதரித்தால் இன்னும் நல்லது. பாஸ்வேர்ட் நிரூபணம் அந்த டிஎல்எஸ் (என்க்ரிப்ட் செய்த) இணைப்போடு கட்டப்பட்டிருக்கும், நடுவில் இருப்பவன் அதை வாங்கி அந்தப் பக்கம் நீட்டினால் எடுபடாது.

ஊழியர் ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். சர்வரில் பார்த்துச் சொல்ல முடியுமா? (மேலூர்)

முடியக் கூடாது. முடிந்தால் பாஸ்வேர்டுகளைத் திறந்தபடி சேமித்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், முதலில் அதை மாற்றுங்கள். அவருக்குப் புதியது போட்டுக் கொடுங்கள்.

கல்லூரியின் எல்டாப் (எல்லோருடைய கணக்குகளையும் ஒரே இடத்தில் வைக்கும் டைரக்டரி) கணக்குகளோடு இஜாபர்டியை இணைத்தோம். அன்றிலிருந்து கான்வர்சேஷன்ஸ் ஆப் வைத்திருப்பவர்களுக்கு "டவுன்கிரேட் தாக்குதல்" என்று வந்து லாகின் ஆகவில்லை. (நாகமலை புதுக்கோட்டை)

தாக்குதல் எதுவும் இல்லை, ஆனால் யாரோ பலவீனமான லாகின் முறைக்கு இறக்கப் பார்க்கிறார்களோ என்று ஆப் சந்தேகப்படுவது நியாயம். இதுவரை ஸ்க்ராம் முறையில் நுழைந்தார்கள். அதில் பாஸ்வேர்ட் சர்வருக்குப் போகவே போகாது, அது தெரியும் என்பதை நிரூபிக்கும் கணக்கீடு மட்டும்தான் போகும். எல்டாப் வந்ததும் சர்வர் அந்தப் பாஸ்வேர்டை வாங்கி எல்டாப்பிடம் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் ப்ளெயின் முறைக்கு இறங்கிவிட்டது. அக்கவுண்டை ஆப்பிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால் சரியாகும். போனில் இருக்கும் பழைய பேச்சும் அதோடு போய்விடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி பாஸ்வேர்ட் அப்படியே டிஎல்எஸ் குழாய்க்குள் போகிறது. போலி சர்வரில் மாட்டினால் முழுதாகப் பறிபோகும், அதுவும் மெயிலுக்கும் மதிப்பெண் பதிவுக்கும் பயன்படும் அதே கல்லூரிப் பாஸ்வேர்ட். இன்னொரு இடத்தையும் பாருங்கள்: இஜாபர்டியிலிருந்து எல்டாப்புக்குப் போகும் இணைப்பு. அதை என்க்ரிப்ட் செய்திருந்தாலும், எதிர்ப்பக்கச் சான்றிதழைச் சரிபார்க்கும் அமைப்பு இஜாபர்டியில் இயல்பாக அணைந்தே இருக்கும். அதை 'ஹார்ட்' என்று மாற்றி, உங்கள் எல்டாப் சான்றிதழில் கையெழுத்திட்டவரின் ரூட் சான்றிதழ் இருக்கும் ஃபைலையும் காட்டுங்கள். மாற்றியதும் லாகின் நின்றுபோனால், எல்டாப் சர்வரின் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.